லட்சத்து மூன்று

எங்கள் அப்பாவுக்கு மனக்கணக்கில் பெரிய பேர். நாமக்கல்லுக்கும் சேந்தமங்கலத்துக்கும் நடுவில் எங்கள் பக்கத்தில் யார் காட்டை அளந்தாலும், யார் கிணற்றில் மண் எடுத்தாலும், கணக்கு கடைசியில் அப்பாவிடம்தான் வந்து நிற்கும். அவர் கண்ணை மூடிக்கொண்டு, வலது காதை இரண்டு விரலால் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு விடையைச் சொல்வார். தப்பியதில்லை. அல்லது தப்பியதை யாரும் கண்டுபிடித்ததில்லை. இரண்டும் ஒன்றுதான் என்று நான் நெடுநாள் நினைத்திருந்தேன்.

இரண்டாவது உலகச் சண்டை தொடங்குவதற்குச் சில வருஷங்கள் முந்தி நடந்தது இது. எனக்கு ஒன்பது வயது. அக்காவுக்குப் பதினாறு. அவள் நாமக்கல்லில் பெரியம்மா வீட்டில் தங்கி எட்டாவது தேறியவள். எங்கள் ஊரில் அவ்வளவு தூரம் படித்த பெண் வேறு கிடையாது. தேறி வந்தவளுக்கு ஊரில் என்ன உத்தியோகம் காத்திருந்தது என்றால், கம்பங்காட்டில் கிளி ஓட்டுகிற உத்தியோகம்தான். பரண்மேல் உட்கார்ந்து தகர டப்பாவைத் தட்டிக்கொண்டிருப்பாள்.

சேலத்தில் பெண்களுக்கு ஆசிரியப் பயிற்சி கொடுக்கும் பள்ளிக்கூடம் இருந்தது. அங்கே போகவேண்டும் என்று அக்கா அப்பாவிடம் கேட்டாள். "பாக்கலாம் சாமி" என்றார் அப்பா. கொஞ்ச நாள் கழித்து மறுபடி கேட்டாள். மறுபடியும் "பாக்கலாம் சாமி." எங்கள் வீட்டில் அதற்கு 'முடியாது' என்று அர்த்தம். முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல அப்பாவுக்கு மனசு வராது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இதற்கிடையில் சேந்தமங்கலத்து மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், தன் மகனுக்கு அக்காவைக் கேட்டுக்கொண்டிருந்தார். கொல்லிமலை அடிவாரத்தில் அவருக்கு வாழைத்தோட்டம். உறவும் உரிமையும் உள்ள இடம், மறுக்க ஒரு காரணமும் இல்லை. மாப்பிள்ளை எனக்கு மச்சான் முறை. அவரைப் பற்றி எனக்கு அப்போது உயர்ந்த அபிப்பிராயம் எதுவும் கிடையாது. எங்கள் வீட்டுக்கு வந்தால் நாலு வார்த்தை பேசமாட்டார். பேச்சு நடக்கிற இடத்தை விட்டுவிட்டுத் தொழுவத்துக்குப் போய் மாட்டுக்குச் சோளத்தட்டுப் போட்டுக்கொண்டிருப்பார். அக்காவுக்கும் அவர்மேல் வெறுப்பு ஒன்றும் இல்லை. அவள் சேலத்துக்குப் போக விரும்பினாள், சேந்தமங்கலம் குறுக்கே நின்றது, அவ்வளவே.

சித்திரை மாதத்தில் ஒரு சாயங்காலம். வாசலில் தண்ணீர் தெளித்து, கயிற்றுக் கட்டிலைப் போட்டு அப்பா உட்கார்ந்திருந்தார். எதிரே பக்கத்துக் காட்டுப் பெரியப்பா. பேச்சு எப்படியோ எண்களைப் பற்றித் திரும்பியது. ஏழு, பதிமூன்று, பத்தொன்பது போன்ற எண்கள் எதனாலும் வகுபடாமல் நிற்கிறதே, ஏன் என்று பெரியப்பா கேட்டார்.

"சின்ன எண்ணு சிலது அப்பிடித்தான் எதுக்கும் அடங்காம நிக்கும். சின்னப் புள்ளைங்க மாதிரி" என்றார் அப்பா. "பெருசாக ஆக எல்லாம் ஏதோ ஒண்ணுக்கு அடங்கித்தான் ஆவோணும். தேடற பொறுமை வேணும்."

"பொம்பளப் புள்ளைகளும் அப்பிடித்தான்" என்று சொல்லிப் பெரியப்பா சிரித்தார்.

கதவோரத்தில் நின்றிருந்த அக்கா வாயைத் திறந்தாள். "லட்சத்து மூணு எதுக்கும் அடங்காதுங்கப்பா."

அப்பா அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக் காதை இழுத்தார். இரண்டுக்கு இல்லை. மூன்றுக்கு இல்லை. ஐந்துக்கு இல்லை. "ஏழுக்கு ஒண்ணு மிச்சம். அடடா, லட்சத்து ரெண்டுன்னு சொல்லியிருந்தீன்னா இந்நேரம் விழுந்திருக்கும்." அடுத்தது பதினொன்று. அதற்கு இரண்டு மிச்சம். "லட்சத்து ஒண்ணு விழுது. நீ நல்லாப் பொறுக்கித்தான் எடுத்திருக்கறே."

"எதுக்கும் விழாதுங்கப்பா. நான் போட்டுப் பாத்துட்டேன்."

"எங்க போட்டே?"

"பரண்மேலதானுங்க. கிளி ஓட்டறப்ப."

பெரியப்பாவுக்கு வேடிக்கையாக இருந்தது. "என்னப்பா, உம்பட புள்ளையே உன்னைக் கணக்குல மடக்கிப்போட்டாளே" என்றார். அவர் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் எங்கள் குடும்பத்தின் கதை வேறு மாதிரி போயிருக்கும். அப்பா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வைகாசி முடியறதுக்குள்ள இதை வகுத்துக் காட்டிப்போடறேன்."

"காட்டலீன்னா?" என்றாள் அக்கா.

"காட்டலீன்னா நீ கேக்கறதைக் குடுக்கறேன்."

"என்னைச் சேலத்துக்கு அனுப்போணுங்க."

"சரி. நான் காட்டிப்போட்டேன்னா?"

அக்கா கதவோரத்தை விட்டு வாசலுக்கு இறங்கி வந்தாள். "மாமா ஊட்டுக்குப் போறேனுங்க. அப்பறம் மறுபேச்சு இல்லீங்க" என்றாள்.

அம்மா அடுப்படியிலிருந்து வந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "கல்யாணப் பேச்சை வெச்சு என்ன வெளையாட்டு இது?" என்றாள். அதை விளையாட்டு என்று நினைத்தவள் அவள் ஒருத்திதான்.

மறுநாள் காலையில் என் சிலேட்டு பறிபோனது. இவ்வளவு பெரிய எண்ணை மனக்கணக்கில் வைத்துக்கொண்டு அலையமுடியாது என்று அப்பாவுக்கே தெரிந்துவிட்டது. பள்ளிக்கூடம் விடுமுறை, அதனால் எனக்குச் சிலேட்டு எதற்கு என்று கேட்டுவிட்டு எடுத்துக்கொண்டார். பதிலுக்கு எனக்கு ஒரு பதவி கொடுத்தார். ஈரத்துணியை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து, அவர் சொல்லும்போது அழிக்கவேண்டும். கோடைகாலம், காட்டில் வேலை குறைவு. அப்பா வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வகுக்கத் தொடங்கினார். அவர் எழுதுவதெல்லாம் பழைய தமிழ் எண். ஒன்றுக்கு ௧, நாலுக்கு ௪, பார்க்க 'க'வும் 'ச'வும் போல. அக்கா எழுதுவது பள்ளிக்கூடத்து எண். ஒரே கணக்கை இருவரும் இரண்டு பாஷையில் போட்டுக்கொண்டிருந்தது போல எனக்குத் தோன்றும்.

நாலு, ஆறு, எட்டு என்று வரிசையாக எல்லாவற்றாலும் வகுக்கவேண்டியதில்லை என்பது முதல் நாளே அப்பாவுக்குப் பிடிபட்டது. "ரெண்டுக்கு அடங்காதது நாலுக்கு எப்பிடி அடங்கும்? மாமனாருக்கு அடங்காதவன் மச்சானுக்கா அடங்குவான்?" என்றார். ஆகவே, தானும் எதற்கும் அடங்காத எண்களை மட்டும் பொறுக்கி எடுத்து, அவற்றைக் கொண்டு லட்சத்து மூன்றைத் தாக்கினார். பதிமூன்று, பதினேழு, பத்தொன்பது, இருபத்து மூன்று. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு மிச்சத்தைக் கொண்டுவந்து போட்டுவிட்டுத் திரும்பியது. நாற்பத்தொன்றுக்கு நாலுதான் மிச்சம் என்று வந்தபோது அப்பா தொடையைத் தட்டிக்கொண்டார். நாலுதான் என்றாலும் மிச்சம் மிச்சம்தான்.

விஷயம் ஊரில் பரவியது. ஆளுக்கொரு எண்ணைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கோயில் பூசாரி நூற்றெட்டைப் போட்டுப் பார்க்கச் சொன்னார், தெய்வ எண்ணுக்கு எதுவும் அடங்கும் என்றார். நூற்றெட்டு இரட்டைப்படை, இந்த எண் ஒற்றைப்படை, ஆகாது என்று அப்பா பொறுமையாக விளக்கினார். பூசாரிக்கு மனத்தாங்கல். திருச்செங்கோட்டுச் சந்தைக்குப் போய்வரும் வண்டிக்காரர் ஒருவர் மாட்டை நிறுத்திவிட்டு, "விழுந்துருச்சுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார். ஏதோ கிணற்றில் கல் விழுந்ததா என்று கேட்பதுபோல.

அக்கா வழக்கம்போல வீட்டுவேலை செய்துகொண்டிருந்தாள். ஒருநாள் மோர் கொண்டுவந்து கொடுத்தவள், சிலேட்டையும் மரத்தடியில் கரித்துண்டால் அப்பா எழுதி வைத்திருந்த எண்களையும் பார்த்துவிட்டு, "எம்பத்து மூணை உட்டுட்டீங்கப்பா" என்றாள். அப்பா எண்பத்து மூன்றைப் போட்டார். எழுபத்தொன்று மிச்சம். எனக்கு அக்காமேல் கோபம். அவர் விட்டதை விட்டபடி விட்டுவிட்டால் அவளுக்கு என்ன நஷ்டம்?

அன்று கிணற்றடியில் குடத்தைக் கயிற்றில் மாட்டிக்கொண்டே அவள் என்னிடம் மெதுவாகச் சொன்னாள். "பரண்மேல போட்டப்ப நானும் எங்கயாச்சும் தப்பாப் போட்டிருந்தேன்னா என்னடி பண்றது? கிளி வந்துட்டே இருக்கும். பாதியில எந்திரிச்சு ஓட்டிப்போட்டு வந்து மறுபடியும் போடுவேன்." அவளுக்குப் பயம் உண்டு என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அதற்கு முன் அவள் எதற்கும் பயப்படாதவள் என்று நினைத்திருந்தேன்.

வைகாசி கடைசியில் மாமா வீட்டார் நாள் குறிக்க வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். பந்தயம் அவர்கள் காதுக்கும் போயிருந்தது. மாமா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாப்பிள்ளையின் கணக்குத் திறமையில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. மாப்பிள்ளை என்று அவர் அழைப்பது எங்கள் அப்பாவை.

அவர்கள் வருகிற அன்று மத்தியானம் அப்பா இருநூற்று ஐம்பத்தேழில் இருந்தார். வெயில் வேப்பமரத்தையும் மீறி அடித்தது. வண்டி வருகிறதா என்று நிமிர்ந்து பார்த்துவிட்டு, பார்த்துவிட்டுக் கணக்குப் போட்டார். கணக்கு கடைசிப் படிக்கு வந்தபோது இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பத்து மூன்று நின்றது. "ஒம்பது தரம் போவும்" என்று சொல்லி, இருநூற்று ஐம்பத்தேழை ஒன்பதால் வாய்விட்டுப் பெருக்கினார். "ஒம்பதேழு அறுவத்து மூணு. மூணு போட்டுக் கையில ஆறு. ஒம்பதாறு அம்பத்து நாலு. நாலு போட்டுக் கையில அஞ்சு. ஒம்பது ரெண்டு பதினெட்டு, அஞ்சையும் சேத்து இருவத்து மூணு."

கீழே எழுதினார். இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பத்து மூன்று. மேலேயும் அதுவே, கீழேயும் அதுவே. மிச்சம் ஒன்றும் இல்லை.

அப்பா சத்தம் போடவில்லை. மறுபடி ஒருமுறை, அதே வார்த்தைகளை அதே ராகத்தில் சொல்லிப் பெருக்கிப் பார்த்தார். பிறகு, "விழுந்துருச்சு அம்முணி" என்றார். அவர் முகத்தில் நான் எதிர்பார்த்த அளவு சந்தோஷம் இல்லை. அதற்குள் வண்டிச் சத்தம் கேட்டது.

மாமாவும் அவர் வீட்டு மனிதர்களும் இறங்கினார்கள். மலைவாழைத் தார், பலாப்பழம், பூ. மச்சான் கடைசியாக இறங்கி, வண்டிமாட்டை அவிழ்த்துக் கட்டினார். எல்லோரும் உள்ளே ஆசாரத்துக் கூடத்தில் விரித்திருந்த பாயில் உட்கார்ந்தார்கள். அப்பா சிலேட்டைக் காட்டிக் கணக்கு விழுந்த கதையைச் சொன்னார். மாமா தலைகீழாக அதைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "நான் அப்பவே சொன்னேன் பாரு" என்று எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். சிலேட்டு கைமாறிக் கைமாறிக் கடைசியில் பாயின் ஓரத்தில் இருந்த மச்சானிடம் போய்ச் சேர்ந்தது.

நான் உள்ளறைக்கு ஓடினேன். அக்கா சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். எதனால் வகுபட்டது, எத்தனை முறை போனது என்று கேட்டாள். இருநூற்று ஐம்பத்தேழு, முந்நூற்று எண்பத்தொன்பது முறை என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அப்பாவைப் போலவே வலது காதை இழுத்தாள். உதடு அசைந்துகொண்டே இருந்தது.

"தொண்ணூத்தொம்பதாயிரத்து தொள்ளாயிரத்து எழுவத்து மூணு" என்றாள். "லட்சத்து மூணுக்கு முப்பது கொறையுது. அப்பா எப்பிடிப் போட்டாரு, சொல்லு."

அப்பா சொன்ன ராகத்திலேயே நான் சொல்லிக் காட்டினேன். ஒம்பதேழு அறுவத்து மூணு, கையில ஆறு, ஒம்பதாறு அம்பத்து நாலு. அக்கா அந்த இடத்தில் என் தோளைப் பிடித்தாள். ஒன்பதால் பெருக்கவேண்டியது நடுவில் இருக்கிற ஐந்தை. பெருக்கி வருகிற நாற்பத்தைந்தோடு கையில் இருக்கும் ஆறைக் கூட்டவேண்டும். ஐம்பத்தொன்று. அப்பா ஐந்தைத் தொடவே இல்லை. கையில் வைத்திருந்த ஆறையே ஒன்பதால் பெருக்கிவிட்டார். வாய்ப்பாட்டில் பிசகு இல்லாததால் அவர் காதுக்கும் என் காதுக்கும் அது இடறவில்லை. ஒன்று வரவேண்டிய இடத்தில் நாலு வந்து உட்கார்ந்துவிட்டது.

"நான் போய் அப்பாகிட்டச் சொல்லிப்போடறேன்" என்று கிளம்பினேன். அக்கா என் வாயைப் பொத்தினாள்.

"ஊட்டுக்கு வந்த ஒறம்பரை முன்னால அப்பாவைத் தலைகுனிய வெக்கறதா? வாயைத் தொறந்தீன்னா கொன்னுபோடுவேன்."

"அப்பறம் எப்பச் சொல்றது?"

வெளியே அம்மா வெற்றிலைத் தட்டைக் கொண்டுபோய் வைப்பது தெரிந்தது. வெற்றிலை மாற்றிவிட்டால் அப்புறம் லட்சத்து மூன்றும் இல்லை, சேலமும் இல்லை என்பது எனக்கே தெரியும். அக்கா அழவில்லை. கதவிடுக்கு வழியாகத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை இன்னும் என் வாயின்மேல் இருந்தது.

மாமா தட்டை இரண்டு கையாலும் தூக்கினார்.

"மாமா" என்றது ஒரு குரல். மச்சான். சிலேட்டிலிருந்து தலையைத் தூக்காமல் அப்பாவிடம் பேசினார். "இங்க நீங்க போட்டது ஒண்ணுதானுங்க மாமா. பலப்பம் வழுக்கி நாலு மாதிரி இழுத்துட்டுது. கழிக்கறப்ப அதை நாலுன்னு எடுத்துட்டீங்க. அதுனாலதான் விழுந்த மாதிரித் தெரியுதுங்க. முப்பது மிச்சம் நிக்குதுங்க."

மாமா தட்டைப் பிடித்த கையோடு மகனைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதில் ஒரு தார் வாழை பழுத்திருக்கும். "உன்னை யாருடா கணக்குக் கேட்டா?" என்றார்.

அப்பா சிலேட்டை வாங்கினார். வெளிச்சத்துக்குத் திருப்பி, வெகுநேரம் பார்த்தார். உதடு அசைந்தது. இந்தத் தடவை ராகம் இல்லாமல், ஒவ்வொரு எண்ணாக. பிறகு சிலேட்டை விட்டுவிட்டு மச்சானைப் பார்த்தார். அதுவும் வெகுநேரம்.

"ஆமா சாமி. ஒண்ணுதான்" என்றார். என்னைக் கூப்பிட்டு அழிக்கச் சொன்னார். நான் ஈரத்துணியோடு போய் அழித்தேன். அழிக்குமுன் நன்றாகப் பார்த்தேன். அச்சில் வார்த்தமாதிரித் தெளிவான நாலு. பலப்பம் எங்கேயும் வழுக்கவில்லை. அதை எழுதும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"இன்னும் கொஞ்சந்தான் பாக்கி. முடிச்சுப்போட்டு வெத்தலையைத் தொடுவோம்" என்றார் அப்பா. பெரியப்பாவையும் கூப்பிட்டனுப்பினார்கள். வெயில் தாழும்வரை எல்லோரும் வகுத்தார்கள். அப்பா ஒரு எண்ணை எடுத்தால் மச்சான் அடுத்ததை எடுத்துத் தரையில் கரியால் போட்டார். ஒருவர் போட்டதை மற்றவர் சரிபார்த்தார். இருநூற்று எழுபத்தொன்றுக்கு மறுபடியும் நாலு மிச்சம். இருநூற்று எழுபத்தேழுக்கு ஆறு. நெருங்கி நெருங்கி வந்துவிட்டுத் தள்ளித் தள்ளிப் போயிற்று. முந்நூற்றுப் பதிமூன்றையும் போட்டு, நூற்றைம்பத்தாறு மிச்சம் என்று ஆனதும் அக்கா உள்ளிருந்தே, "அவ்வளவுதானுங்கப்பா. இதுக்கு மேல தேட வேண்டாமுங்க" என்றாள்.

மாமா விடவில்லை. "அதெப்பிடி? முன்னூத்துச் சில்லறையிலயே நின்னுக்கறதா? நானூறு இருக்குது, ஆயிரம் இருக்குது, அம்பதாயிரம் இருக்குது. எதுக்காச்சும் அடங்காதா?"

நியாயமான கேள்வி என்று அப்பாவுக்கும் பட்டது. அம்பதாயிரம் வரைக்கும் போவதென்றால் நான் அழித்து அழித்தே கிழவியாகிவிடுவேன்.

அப்போதுதான் அக்கா வெளியே வந்தாள். நாள் குறிக்க வந்தவர்கள் முன்னால் பெண் வந்து நிற்பதே புதிது. அவள் உட்கார்ந்துவிட்டாள். வந்தவர்களுக்கு வைத்திருந்த வறுத்த கடலையில் இருபத்து நாலை எண்ணி எடுத்துத் தரையில் அடுக்கினாள். இரண்டு வரிசையாக வைத்தால் வரிசைக்குப் பன்னிரண்டு. மூன்று வரிசை என்றால் எட்டெட்டு. நாலு வரிசை என்றால் ஆறாறு.

"பாருங்க மாமா. வரிசை கூடக் கூட நீளம் கொறைஞ்சுட்டே வருது. வகுக்கற எண்ணு எப்பவும் தனியா வராதுங்க, சோடியோடதான் வரும். ஒண்ணு பெருசா இருந்தா அதும்பட சோடி சின்னதா இருக்கும். அடுத்து வர்ற முன்னூத்திப் பதினேழை அதாலயே பெருக்கினா லட்சத்தைத் தாண்டிப் போயிருதுங்க. அதுனால ரெண்டுமே பெருசா இருக்க முடியாது. அம்பதாயிரத்துல ஒருத்தன் இருந்தா, அவன் சோடி இந்தப் பக்கம் சின்னதுல இருந்திருக்கோணும். சின்னது அத்தனையையும் ஒண்ணுவிடாமத் தேடிப் பாத்துட்டோமுங்க. ஒருத்தரையும் காணோம்."

மாமா கடலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு விளங்கியதா தெரியவில்லை. விளங்கியது அம்மாவுக்கு. எழுதப் படிக்கத் தெரியாத அம்மா, அந்த ஒரு மாதமாக அந்த எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத அம்மா, கதவைப் பிடித்துக்கொண்டு, "ஆமாங்கண்ணா. ஒத்தை மாட்டைப் பூட்டி யாராச்சும் ஏர் ஓட்டுவாங்களா? சோடி இல்லாத மாடு சந்தையிலயே நின்னுக்கும். அதைத் தேடிட்டு எதுக்குங்க போவோணும்?" என்றாள்.

அப்பா எழுந்து கொல்லைப்பக்கம் போனார். முகம் கழுவிக்கொண்டு வந்தார். துண்டால் துடைத்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல், "ஆனி பொறந்ததும் சேலத்துக்குப் போறதுக்குப் பொட்டியைக் கட்டு" என்றார்.

மாமாவுக்குக் கோபம்தான். சாப்பிடாமல் போகிறேன் என்றார். அம்மா வழிமறித்துச் சோறு போட்டாள். கோபத்தோடு நன்றாகவே சாப்பிட்டார். கிளம்பும்போது மச்சான் வண்டிமாட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார். அக்கா குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போவதுபோல அந்தப் பக்கமாகப் போனாள். குடம் நிறையத் தண்ணீர் இருந்தது. நிறைந்த குடத்தோடு கிணற்றுக்கு யாரும் போகமாட்டார்கள் என்பதை நான் கவனித்தேன். ஆனால் எங்கள் வீட்டில் அன்று யாரும் நிதானத்தில் இல்லை, அதனால் அதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் வண்டியருகில் ஒரு கணம் நின்றாள்.

அக்கா சேலத்துக்குப் போனாள். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் புதுப் புது எண்களைக் கொண்டுவருவாள். அப்பாவும் அவளும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து போடுவார்கள். அந்த மாதிரி எண்ணுக்குப் பகா எண் என்று பெயர் உண்டு, அவை எவ்வளவு தூரம் போனாலும் தீராது, பெருசாக ஆக அருகிப்போகுமே தவிர அற்றுப்போகாது என்றெல்லாம் அவள் சொல்ல, "அப்பிடியா சாமி?" என்று அப்பா கேட்டுக்கொண்டிருப்பார். பந்தயத்தில் தோற்றதை அவரே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். சொல்லச் சொல்ல எண் பெரிதாகிக்கொண்டே போயிற்று. கடைசியாக நான் கேட்டபோது அது கோடியைத் தாண்டியிருந்தது.

இரண்டு வருஷம் கழித்துப் பயிற்சியை முடித்துக்கொண்டு வந்தாள். சேந்தமங்கலத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. மாமா மச்சானையும் அழைத்துக்கொண்டு மறுபடியும் வந்தார். இதற்கிடையில் மச்சானுக்கு வந்த இடங்களையெல்லாம் ஜாதகம் சரியில்லை என்று அவரே தட்டிக்கழித்துவிட்டாராம். அவருக்கு ஜோசியம் எப்போது தெரிந்தது என்று மாமா ஆச்சரியப்பட்டார். அப்பா, "அவளையே கேட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டார்.

"சரிங்க மாமா" என்றாள் அக்கா. உடனே சொன்னாள்.

எனக்குப் பதினோரு வயது. குடும்பத்தில் என் யோசனைக்கும் இடம் உண்டு என்று நினைக்கிற வயது. இவ்வளவு படித்த அக்கா இப்படிக் கண்ணை மூடிக்கொண்டு குழியில் விழுவதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்கமுடியவில்லை. அதுவரை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததை அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டேன்.

"மச்சானுக்குக் கண்ணு சரியாத் தெரியாதுங்கப்பா. அன்னிக்கு நல்லாத் தெளிவா இருந்த நாலைப் பாத்துப்போட்டு ஒண்ணுன்னு சொன்னாரு. நான் பக்கத்துல இருந்து பாத்தேன். கல்யாணத்துக்கு முன்னால சேலத்துல நல்ல வைத்தியரா பாத்துக் கண்ணைக் காட்டச் சொல்லுங்க."

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அக்கா எழுந்து உள்ளே ஓடிவிட்டாள். அவள் தோள் குலுங்கியதைப் பார்த்து, அழுகிறாள் போலிருக்கிறது, முன்னாலேயே சொல்லியிருக்கலாம் என்று நான் வருந்தினேன். மச்சான் தலையைக் குனிந்துகொண்டு பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். காது இரண்டும் சிவந்திருந்தது.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. என்னைப் பக்கத்தில் இழுத்து மடியோடு சேர்த்து வைத்துக்கொண்டார்.

"அவன் கண்ணு நல்ல கண்ணு சாமி" என்றார்.

மாப்பிள்ளை வீட்டாரை விட்டுக்கொடுக்கக்கூடாது என்பதற்காக அப்பா பொய் சொல்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். பெரியவர்களின் சங்கடம் எனக்குப் புரியும் என்று காட்டுவதற்காக, மேற்கொண்டு எதுவும் பேசவில்லை.